இல்ஃபோர்ட் பக்கம் தமிழில் டிரைவிங் கிளாஸ்: ரிவர்ஸ் பார்க்கிங் வகுப்பும் மாக் டெஸ்டும்

ஊரில் வருஷக்கணக்கில் கார் ஓட்டிவிட்டு, லண்டன் வந்ததும் L போர்டு ஒட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம், கேன்ட்ஸ் ஹில் வட்டாரத்தில் தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆசிரியரிடம் நான் எடுத்த இரண்டு சேவைகளைப் பற்றியது இது. ஒன்று, ரிவர்ஸ் பார்க்கிங்குக்கு மட்டும் என்று அவர் எடுக்கும் இரண்டு மணி நேர வகுப்பு. இன்னொன்று, டெஸ்டுக்கு முன்னால் ஒத்திகையாக வைக்கும் மாக் டெஸ்ட். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே ஆள் நிரம்பி வழிகிறதாம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் இங்கத்து டெஸ்டில் தேறியாக வேண்டும். மாற்றிக்கொடுக்கிற வசதி இந்திய லைசென்ஸுக்குக் கிடையாது. தியரியை (சாலை விதிகளைப் பற்றிய தேர்வை) முடித்துவிட்டால் மிச்சம் ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஓட்டிக்காட்டுவதுதான். சின்னத் தவறுகள் பதினைந்து வரை மன்னிப்பு. பெரிய தவறு ஒன்று விழுந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரோட்டில் ஓட்டுவது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டியவளுக்கு ரொம்ஃபோர்ட் ரோடு ஒன்றும் பூதம் இல்லை. கவலை எல்லாம் ரிவர்ஸில்தான்.

காரணம் எளிது. ஊரில் நான் தனியாக ரிவர்ஸ் எடுத்ததே அபூர்வம். எந்தக் கடை வாசலிலும், எந்தக் கல்யாண மண்டபத்திலும் ஒரு வாட்ச்மேனோ, சும்மா நிற்கிற யாரோ ஒருவரோ பின்னால் வந்து நின்று, "வரலாம் வரலாம்... ரைட்ல ஒடிங்க... ஃபுல்லா ஒடிங்க... போதும்!" என்று வண்டியின் முதுகில் தட்டுவார். அந்தத் தட்டுதான் நமக்கு சென்சார். இங்கே டெஸ்டில் அப்படி யாரும் வரமாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

2017 டிசம்பர் 4 முதல் டெஸ்டில் மூன்று வகை ரிவர்ஸ் வேலைகளில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறார்கள். ரோட்டோரம் நிற்கிற காருக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைக்கிற பேரலல் பார்க். கட்டத்துக்குள் பார்க் செய்கிற பே பார்க். வலதுபுறம் ஓரங்கட்டி இரண்டு கார் நீளத்துக்குப் பின்னால் போய்விட்டு மறுபடி சாலையில் சேர்வது. பே பார்க்கிலேயே இரண்டு விதம் உண்டு: பின்னால் நுழைந்து முன்னால் வெளியே வருவது, முன்னால் நுழைந்து பின்னால் வெளியே வருவது. பின்னால் நுழைகிறதைப் பெரும்பாலும் டெஸ்ட் சென்டரின் சொந்த வளாகத்திலேயே, கிளம்பும்போதோ திரும்பி வந்தோ செய்யச் சொல்வார்கள். எனக்குப் பயம் இந்த ஒன்றின் மேல்தான்.

முதலில் வேறு ஒரு டிரைவிங் ஸ்கூலில் கொஞ்ச நாள் போனேன். அங்கே பே பார்க்குக்குக் குறிப்புப் புள்ளிகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மூன்றாவது கோடு தோளுக்கு நேராக வந்தால் நிறுத்து, முழுக்க ஒடி, கண்ணாடியில் கோடு இணையாகத் தெரிந்ததும் நேராக்கு. ஆசிரியர் "நவ்" என்று சொன்னால் அழகாக உள்ளே போகும். அவர் வாயை மூடிக்கொண்டால் போகாது. கட்டத்தின் அகலம் கொஞ்சம் மாறினால், பக்கத்தில் பெரிய எஸ்யூவி நின்று கோட்டை மறைத்தால், அவ்வளவுதான்.

அண்ணனிடம் மாறியபோது இந்தக் கதையைச் சொன்னேன். "புள்ளி பிழையில்லை தங்கச்சி. ஆனா புள்ளி தொடக்கத்துக்குத்தான். மிச்சத்தைக் கண்ணாடி சொல்லும்" என்றார். அவருடைய வண்டி டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ஆட்டோமேட்டிக். வகுப்பு தொடங்கினதும் அவர் செய்த முதல் காரியம், டாஷ்போர்டில் ரிவர்ஸ் கேமரா தெரிகிற திரையின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்தது. டெஸ்டில் கேமராவைப் பார்க்கத் தடை இல்லை. அதை மட்டுமே பார்த்துக்கொண்டு தலையைத் திருப்பாமல் இருந்தால்தான் தவறு போடுவார்கள். இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் அட்டையை எடுக்கவே இல்லை.

அப்புறம் கீழே இறங்கச் சொன்னார். பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். யாரிஸின் அகலம் கண்ணாடிகளை விட்டுவிட்டால் 1.745 மீட்டர். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் தலா ஒரு அடிக்கு மேல் இடம் மிச்சம். இதை அவர் எண்ணாகச் சொல்லவில்லை. கட்டத்துக்குள் நிறுத்தியிருந்த வண்டிக்கும் கோட்டுக்கும் நடுவே என்னை நிற்கவைத்து, என் காலை வைத்து அளக்கச் சொன்னார். ஷூ முழுசாக உள்ளே போய், மேலும் இடம் இருந்தது. கார் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது நூலிழை மாதிரி தெரிந்த இடைவெளி அது. எண்களை நான் வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் சொல்லித்தந்த வித்தை என்று பார்த்தால் ஒன்றுதான்: நிறுத்து, ஒடி, நகர்த்து. நகர்ந்துகொண்டே ஒடிக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் எப்படியோ எனக்குள் இருந்தது. ஒடிக்கக் கை பரபரக்கும், அதற்குள் வண்டி அரை மீட்டர் போயிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்கு டெஸ்டில் தவறு போடமாட்டார்கள். டயர் கொஞ்சம் தேயும், அது அண்ணன் பாடு. நடுவில் நின்று சுற்றிப் பார்க்கலாம். கோணல் என்றால் முன்னால் எடுத்துச் சரிசெய்து மறுபடி வரலாம். நியாயமான அளவுக்கு அனுமதி உண்டு. கடைசியில் கோட்டுக்குள் இருக்க வேண்டும், வழி நெடுக சுற்றிலும் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன்: ரிவர்ஸ் எடுக்கும்போது சீட் பெல்ட்டைக் கழற்ற இங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. உடம்பைத் திருப்ப முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. முன்னால் கிளம்பும் முன் மறக்காமல் மாட்டிக்கொண்டால் சரி.

ஹைப்ரிட் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் தொடவே தேவையில்லை. R போட்டு பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகும். "காலால பிரேக்கைப் பிழியுங்கோ, விடாதேங்கோ" என்று அவர் சொன்ன வேகம், பக்கத்தில் கைத்தடி ஊன்றி நடக்கிற பாட்டி முந்திப்போகிற வேகம்.

இதுவரை சொன்னது எந்த நல்ல ஆசிரியரும் சொல்லித்தரக்கூடியதுதான். இரண்டாவது மணி நேரத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று சொல்வேன்.

காலியான இடத்திலிருந்து என்னை ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போனார், சனிக்கிழமை மத்தியானம். (L போட்ட வண்டி பயிற்சிக்கு வரக்கூடாது என்று போர்டு வைத்த கடைகளும் இருக்கின்றன, இது அப்படி இல்லாத ஒன்று.) ஒரு கட்டத்தைக் காட்டி நுழையச் சொன்னார். நான் முன்னால் போய் நிறுத்துவதற்குள் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு கார். ட்ராலி தள்ளிக்கொண்டு ஒரு அம்மா, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவழியாக நுழைத்து, P போட்டு, ஹேண்ட்பிரேக் போட்டதும் அண்ணன் கேட்டார், "எவ்வளவு நேரம் எடுத்தீங்கள் எண்டு நினைக்கிறீங்கள்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்ண்ணா" என்றேன். மனதுக்குள் அதற்கும் மேலே இருந்தது.

செல்போனை நீட்டினார். ஸ்டாப்வாட்ச் 1:38 என்று காட்டியது. அதில் ட்ராலி அம்மா கடந்து போவதற்காக நின்ற நேரமும் சேர்த்தி.

"இப்ப அவசரமா ஒருக்கா செய்யுங்கோ. வேகமா, உங்களால ஏலுமான வேகத்தில."

செய்தேன். வண்டி கோணலாகப் போய்க் கோட்டை மிதித்தது. முன்னால் எடுத்தேன், மறுபடி போனேன், மறுபடி எடுத்தேன். 2:20. அட்டையை எடுத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தபடி அவசரமாகச் செய்தபோதும் ஏறக்குறைய அதே கதிதான். திரையைப் பார்ப்பதா கண்ணாடியைப் பார்ப்பதா என்று தடுமாறியதில் நேரம் போயிற்று.

இதை அவர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, இனி மற்றப் பக்கத்தால வருவம்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். ரிவர்ஸ் பார்க்குக்கு டெஸ்டில் இத்தனை நிமிஷம் என்று ஒரு கெடுவும் இல்லை. எல்லா வலைத்தளத்திலும் இருக்கிற தகவல்தான் இது, நானும் படித்துத்தான் இருந்தேன். படித்தது என் காலுக்குப் போய்ச் சேரவில்லை. 1:38ஐப் பார்த்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு பயிற்சிக்காகவே அந்த வகுப்பைச் சிபாரிசு செய்வேன்.

அடுத்து மாக் டெஸ்ட். இதில் அவர் காட்டுகிற கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது, சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். அன்றைக்குத் தமிழ் கிடையாது. "குட் மார்னிங், கேன் ஐ சீ யுவர் லைசென்ஸ் ப்ளீஸ்" என்று ஆரம்பித்து, கடைசி வரை ஆங்கிலம்தான். தங்கச்சி என்ற பேச்சே இல்லை. ஒரு காலத்தில் இங்கே தியரி டெஸ்டைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுதலாம், பிராக்டிகலுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போகலாம். 2014 ஏப்ரல் 7 முதல் இரண்டும் நின்றுபோயின. தமிழிலேயே பழகிவிட்டு டெஸ்டில் "புல் அப் ஆன் தி ரைட் வென் இட்ஸ் சேஃப்" என்று கேட்டதும் இடது பக்கம் ஒதுங்கியவர்களை அவருக்குத் தெரியுமாம். ஆகவே இந்த ஏற்பாடு. இங்கிலீஷ் தெரியும் என்று இருக்கிறவர்களுக்கும் இது தேவைதான், பதற்றத்தில் காது முதலில் மூடிக்கொள்கிறது.

மாக் டெஸ்டை அவர் காலை 9:07க்குத் தொடங்கினார். விளையாட்டுக்கு இல்லை. இங்கே டெஸ்ட் நேரங்களே அப்படித்தான்: 8:10, 9:07, 10:14 என்று பஸ் டைம்டேபிள் போல இருக்கும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரே நேரத்தில் கிளம்பிய வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டெஸ்ட் சென்டருக்குத் திரும்பி வரும். அடுத்த நேரத்துக்கு வந்தவர்களும் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருப்பார்கள். சின்ன வளாகம், கட்டங்கள் கொஞ்சம். கடைசியில் ரிவர்ஸ் பே பார்க் அமைகிறவருக்கு முன்னால் ஒரு வண்டி காத்திருக்கும், பின்னால் ஒரு வண்டி காத்திருக்கும், அறை வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கெடு என்று ஒன்று விதியில் இல்லாவிட்டாலும் நெருக்கடி வருகிறது இந்த வழியாகத்தான். அண்ணன் அதைத் தன் மாக் டெஸ்டில் அப்படியே கொண்டுவருகிறார்: நாற்பது நிமிஷ ஓட்டத்துக்குப் பிறகு, களைத்த நேரத்தில், கூட்டமான ஒரு பார்க்கிங்கில், வாயே திறக்காமல். நான் ஒடிக்கும்போது அவர் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். என்ன குறிக்கிறார் என்ற நினைப்பே பாதி உயிரை வாங்கியது. முடிந்ததும் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட். மனுஷனுக்குக் குசும்பு அதிகம்.

மாக் டெஸ்டை எப்போது வைக்கிறார் என்பதிலும் கணக்கு இருக்கிறது. டெஸ்ட் தேதிக்கு மூன்று வாரம் முன்னால். 2025 ஏப்ரல் 8க்குப் பிறகு, பத்து முழு வேலை நாள் முன்கூட்டிச் சொன்னால்தான் கட்டிய காசை இழக்காமல் தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். அதற்கு முன் மூன்று நாள் போதுமாக இருந்தது. வார நாள் டெஸ்டுக்கு 62 பவுண்டு, மாலையிலும் சனி ஞாயிறிலும் 75. தயாராக இல்லை என்று கடைசி வாரத்தில் தெரிந்து என்ன பிரயோஜனம்? லண்டனில் தேதி கிடைப்பதே குதிரைக்கொம்பு. பல ஆசிரியர்கள் மாக் டெஸ்டை டெஸ்டுக்கு முந்தின நாள் வைக்கிறார்கள். அது தைரியம் கொடுக்கலாம், இல்லையென்றால் இருக்கிற தைரியத்தையும் பிடுங்கிவிடலாம். முடிவெடுக்க அவகாசம் கொடுக்காது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நேரம். மற்றவர்களுக்கு நேரத்தைப் பற்றி இவ்வளவு அழகாகப் பாடம் எடுக்கிறவர், வகுப்புக்குத் தானே பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வருகிறார். முந்தின ஆளை வீட்டில் இறக்கிவிட்டு வருகிறாராம். கடைசியில் அந்தப் பத்து நிமிஷத்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார் என்பது உண்மை. ஆனால் வேலைக்கு ஷிப்ட் பார்க்கிற எனக்கு அந்தப் பின்பாதிப் பத்து நிமிஷம் உபயோகப்படாது.

இரண்டாவது, போன். வண்டி நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பேசுகிறார். நான் கட்டத்துக்குள் நின்று அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்க, அவர் யாரோ ஒருவரின் தியரி புக்கிங்கைச் சரிசெய்துகொண்டிருப்பார். இரண்டு முறைக்கு மேல் ஆனதும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு குறைத்துக்கொண்டார். நீங்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, எழுத்தில் எதுவும் தருவதில்லை. மாக் டெஸ்டின் முடிவை வாயால்தான் சொன்னார். எங்கே எத்தனை தவறு என்று ஒரு தாளாவது தந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தச் சாமான் லிஸ்டுக்குச் செலவிட்ட மையை இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கட்டணம்: மணிக்கு 42 பவுண்டு, ரிவர்ஸ் வகுப்பு இரண்டு மணி நேரம் 80. மாக் டெஸ்ட், அதற்குப் பிறகு ஒரு மணி நேரப் பயிற்சி சேர்த்து, 90. டெஸ்ட் நாளன்று வண்டி தருவதற்குத் தனிக் கட்டணம். மலிவு என்று சொல்லமாட்டேன். குறைந்த விலைக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் ஆள் கிடைக்கிறது, ஆனால் அங்கே போகிறவர்கள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையை முதலில் பாருங்கள். பச்சை எண்கோணம் என்றால் தகுதி பெற்ற ஆசிரியர், இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் இன்னும் பயிற்சியில் இருப்பவர். இரண்டும் சட்டப்படி சரிதான். இரண்டும் இல்லாமல் காசு வாங்கிச் சொல்லிக்கொடுப்பது சட்டவிரோதம், இன்ஷூரன்ஸும் உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். அண்ணனுடையது பச்சை.

டெஸ்டில் எனக்கு ரிவர்ஸ் பே பார்க்தான் வந்தது, அதுவும் கடைசியில். பின்னால் ஒரு மினி கார் காத்திருந்தது. ஒருமுறை முன்னால் எடுத்துச் சரிசெய்தேன். அந்தப் பகுதியில் ஒரு தவறும் விழவில்லை. விழுந்த சின்னத் தவறுகள் எல்லாம் ரவுண்டபவுட்டில், அது வேறு கதை. பாஸ்.

யாருக்கு இவர் சரிப்படமாட்டார் என்றும் சொல்லிவிடுகிறேன். கியர் வண்டி ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லை. அவரிடம் இருப்பது ஒரே ஆட்டோமேட்டிக், அதில் தேறினால் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான் கிடைக்கும். ஸ்டியரிங்கையே தொடாத புது ஆட்களுக்கும் இவரைவிடப் பொறுமையான ஒருவர் நல்லது. அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுகிறார். ஓட்டத் தெரிந்து, ரிவர்ஸ் என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேர வகுப்பை மட்டும் எடுத்தால்கூடப் போதும், முழுக் கோர்ஸ் எடுக்கச் சொல்லி வற்புறுத்தமாட்டார். சனிக்கிழமை கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். வார நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு, பத்து மணிக்கு மேல் என்றால் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது.